ஒரே நோய், இரு மரண வீதங்கள்: அமெரிக்கக் கறுப்பின ஆண்களும் புரஸ்டேட் புற்றுநோயும்

ஐக்கிய அமெரிக்காவின் பாதுகாப்புச் செயலாளர் பதவியை வகித்த முதலாவது கறுப்பினத்தவரான லொயிட் ஒஸ்டின், 2023 டிசெம்பர் 22ஆம் திகதி வோல்டர் ரீட் இராணுவ வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டார். அதன் பின்னர் ஏற்பட்ட சிக்கல்கள் காரணமாக 2024 ஜனவரி முதலாம் திகதி மீண்டும் அங்கு அனுமதிக்கப்பட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்கப்பட்டார். உலகின் மிகப் பெரிய இராணுவ இயந்திரத்துக்குப் பொறுப்பானவர் வைத்தியசாலைக் கட்டிலில் இருக்கின்றார் என்ற செய்தி, நான்காம் திகதி வரை ஜனாதிபதி ஜோ பைடனுக்கே தெரிவிக்கப்படவில்லை. அவரைப் பீடித்த நோய் புரஸ்டேட் புற்றுநோய் என்பது ஒன்பதாம் திகதியே ஜனாதிபதிக்கும் நாட்டுக்கும் தெரியவந்தது.

இராணுவக் கட்டளைத் தொடர் பற்றியும் பொறுப்புக்கூறல் பற்றியும் வாஷிங்டனில் அப்போது பெரும் சர்ச்சை மூண்டது. அது நியாயமான சர்ச்சையே. ஆயினும், ஒஸ்டினுக்குச் சிகிச்சை அளித்த வைத்தியர்கள் அன்றைய அறிக்கையில் சேர்த்திருந்த ஒரு வாக்கியம் அந்த ஆரவாரத்தில் அமிழ்ந்து போயிற்று. அமெரிக்க ஆண்களில் எட்டுப் பேரில் ஒருவருக்குத் தம் வாழ்நாளில் இந்நோய் ஏற்படுகின்றது, ஆபிரிக்க அமெரிக்க ஆண்களில் ஆறு பேரில் ஒருவருக்கு ஏற்படுகின்றது என்பதே அவ்வாக்கியமாகும். நாம் இன்று ஆராய விழைவது பென்டகனின் இரகசியத்தை அல்ல, இந்த வாக்கியத்தையே.

புரஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் வழியைச் சூழ அமைந்துள்ள ஒரு சிறு சுரப்பியாகும். அமெரிக்க ஆண்களிடையே தோற் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக அதிகம் கண்டறியப்படுவது இச்சுரப்பியில் ஏற்படும் புற்றுநோயே. 2025ஆம் ஆண்டில் அந்நாட்டில் 3 இலட்சத்து 13 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இந்நோய்க்கு ஆளாவர் எனவும், 35 ஆயிரத்துக்கும் அதிகமானோர் இறப்பர் எனவும் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் மதிப்பிட்டிருந்தது. சுரப்பியைத் தாண்டிப் பரவுவதற்கு முன்னர் கண்டறியப்பட்டால், ஐந்தாண்டுகளின் பின்னரும் உயிர்வாழ்வோர் வீதம் நூறை அண்மித்திருக்கின்றது. எலும்புகளுக்கும் ஏனைய உறுப்புகளுக்கும் பரவிய பின்னர் கண்டறியப்பட்டால் அது 40 வீதத்திற்கும் கீழே சென்றுவிடுகின்றது. ஆகவே, இந்நோயைப் பொறுத்தவரை காலமே உயிர் எனலாம்.

இந்தப் பொதுவான நிலைக்குள் ஓர் அப்பட்டமான பிளவு மறைந்திருக்கின்றது. கறுப்பின ஆண்களுக்கு இந்நோய் ஏற்படும் வீதம் வெள்ளையின ஆண்களுடன் ஒப்பிடுகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதிகமாகும். இறப்பு வீதமோ இரு மடங்கு. நோய் ஏற்படும் வீதத்தில் உள்ள வித்தியாசத்தை விட இறப்பு வீதத்தில் உள்ள வித்தியாசம் பெரிது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நோய் அதிகம் என்பதால் மாத்திரம் இறப்பு அதிகரிக்கவில்லை. நோய் வந்த பின்னரும் ஏதோ ஒன்று இவர்களுக்குப் பாதகமாக இயங்குகின்றது என்பதையே இது உணர்த்துகின்றது. அந்த 'ஏதோ ஒன்று' யாது என்பதே கேள்வியாகும்.

இக்கேள்வி புதியதல்ல. வாஷிங்டனிலுள்ள ஹவார்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைத்தியர்கள், 1950ஆம் ஆண்டு முதல் 1967 வரையான காலப்பகுதியில் கறுப்பினத்தவரிடையே புற்றுநோய் மரணங்கள் அச்சந்தரும் வகையில் அதிகரித்துள்ளன என்பதை 1973ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினர். அவர்களுள் ஒருவரான லாசால் லெஃபால் 1978இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் முதலாவது கறுப்பினத் தலைவரானார். 1985இல் சுகாதாரச் செயலாளர் மார்கரட் ஹெக்லர் வெளியிட்ட அறிக்கை, சிறுபான்மையினரிடையே ஆண்டுதோறும் ஏறத்தாழ 60 ஆயிரம் மரணங்கள் மிகையாக நிகழ்கின்றன என அரசின் பெயரிலேயே ஒப்புக்கொண்டது. 1990இல் ஹார்லம் வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணரான ஹரோல்ட் ஃப்ரீமன் மற்றொரு வைத்தியருடன் இணைந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை உலகையே திகைக்க வைத்தது. நியூயோர்க் மாநகரின் ஹார்லம் பகுதியில் வாழும் கறுப்பின ஆண் ஒருவர் 65 வயதை எட்டும் வாய்ப்பு, பங்களாதேஷில் வாழும் ஆண் ஒருவருக்கு உள்ள வாய்ப்பை விடக் குறைவானது என அக்கட்டுரை நிறுவியது. உலகின் மிகப் பெரிய செல்வந்த நகரங்களுள் ஒன்றின் நடுவே இருந்த நிலைமை இது.

ஆக, பாரபட்சம் இருக்கின்றது என்பதில் அரை நூற்றாண்டாகக் கருத்து வேறுபாடு இல்லை. அதன் காரணம் பற்றியே இரு தரப்புகள் வாதிட்டு வந்துள்ளன. ஒரு தரப்பு அதைக் குருதியிலும் பரம்பரையிலும் தேடுகின்றது. மற்றைய தரப்பு வறுமையிலும் காப்புறுதியின்மையிலும் இனப் பாகுபாட்டிலும் தேடுகின்றது. உண்மை இவ்விரண்டில் எதனுள்ளும் முழுமையாக அடங்கவில்லை என்பதால், இரண்டையும் பொறுமையுடன் நோக்குவது அவசியமாகின்றது.

முதலாவது தரப்பின் வாதத்தை உதறித் தள்ளிவிட முடியாது. எட்டாம் நிறமூர்த்தத்தின் ஒரு பகுதியில் காணப்படும் சில பரம்பரை மாறுதல்கள் இந்நோய்க்கான ஆபத்தை அதிகரிக்கின்றன என்பதும், அவை மேற்கு ஆபிரிக்க வம்சாவளியினரிடையே கூடுதலாகக் காணப்படுகின்றன என்பதும் 2006ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகளால் தெரியவந்தன. 2021இல் வெளியான பாரிய சர்வதேச ஆய்வொன்று இந்நோயுடன் தொடர்புடைய 269 பரம்பரை மாறுதல்களை இனங்கண்டதுடன், ஆபிரிக்க வம்சாவளி ஆண்களின் சராசரிப் பரம்பரை ஆபத்து ஐரோப்பிய வம்சாவளி ஆண்களினதை விட இரு மடங்குக்குச் சற்று அதிகம் எனவும் கணித்தது. கரீபியன் தீவுகளில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரிடையேயும் இந்நோய் மிகுந்திருப்பது இதனுடன் பொருந்துகின்றது. ஆகவே, நோய் கூடுதலாகவும் சற்று இளவயதிலும் ஏற்படுவதற்குப் பரம்பரை ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால், நோய் ஏற்படுவது வேறு. நோயால் இறப்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டமையே இந்த விவாதத்தைப் பல தசாப்தங்களாகத் திசைதிருப்பி வந்துள்ளது என நாம் கருதுகின்றோம்.

இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு அமெரிக்காவிலேயே ஓர் அரிய வாய்ப்பு உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கென அந்நாட்டின் சமஷ்டி அரசு தனியானதொரு வைத்தியசாலைக் கட்டமைப்பை நடத்தி வருகின்றது. தனியார் காப்புறுதி உள்ளவர், இல்லாதவர் என்ற பேதம் அங்கு பெரும்பாலும் தலைகாட்டுவதில்லை. வெள்ளையினத்தவரும் கறுப்பினத்தவரும் ஒரே வைத்தியர்களிடம், ஒரே பரிசோதனைகளை, ஒரே மருந்துகளைப் பெறுகின்றனர். மரணத்துக்குக் காரணம் குருதியிலேயே இருக்குமாயின் அங்கும் கறுப்பினத்தவர் கூடுதலாக இறக்க வேண்டும் அல்லவா?

அவ்வாறு நிகழவில்லை. அக்கட்டமைப்பில் சிகிச்சை பெற்ற 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரஸ்டேட் புற்றுநோயாளர்கள் பற்றிய ஆய்வொன்று 2020ஆம் ஆண்டில் வெளியாகியது. அவர்களுள் 18 ஆயிரத்துக்கும் அதிகமானோர் கறுப்பினத்தவர். பத்தாண்டுக் காலத்தில் இந்நோயால் இறந்தோர் வெள்ளையினத்தவரிடையே 5.1 வீதமாகவும், கறுப்பினத்தவரிடையே 4.4 வீதமாகவும் இருந்தனர். இரு மடங்கு என நாடு முழுவதும் பேசப்படும் இடைவெளி, அங்கே காணாமற் போய்விட்டது.

இது தனியொரு ஆய்வின் முடிவல்ல. 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளர்களின் தரவுகளைத் திரட்டி 2019இல் வெளியான ஆய்வும், சிகிச்சை வசதி முதலான வேறுபாடுகளைக் கணக்கிலெடுத்துச் சமப்படுத்திய பின்னர், நோயின் ஒரே கட்டத்தில் உள்ள கறுப்பினத்தவருக்கும் வெள்ளையினத்தவருக்கும் இடையே இந்நோயால் ஏற்படும் இறப்பில் வேறுபாடு இல்லை என்றே கூறியது. முற்றிய நோய்க்கு இரசாயனச் சிகிச்சை அளித்த ஒன்பது மருத்துவப் பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து நோக்கிய வேறோர் ஆய்வில் இரு இனத்தவரும் சராசரியாக 21 மாதங்கள் உயிர்வாழ்ந்தனர். நோயின் கடுமை முதலியவற்றைச் சமப்படுத்தியபோது, கறுப்பினத்தவரின் நிலையே சற்று மேலானதாக இருந்தது.

நோயின் தன்மையில் வேறுபாடு எதுவுமே இல்லை என்று இதற்குப் பொருளல்ல. உடனடிச் சிகிச்சை தேவைப்படாத, ஆபத்துக் குறைந்த கட்டத்திலிருந்த முன்னாள் படைவீரர்களைத் தொடர்ந்து கண்காணித்த ஆய்வொன்றும் 2020இல் வெளியாகியது. கறுப்பினத்தவரில் 59.9 வீதமானோருக்கும் ஏனையோரில் 48.3 வீதமானோருக்கும் பத்தாண்டுக் காலத்தில் நோய் முன்னேறியது. இருந்தும், நோய் பரவியோர் வீதத்திலோ இறந்தோர் வீதத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நோய் சற்று விரைந்து நடந்தாலும், தொடர்ச்சியான கண்காணிப்பு அதனை உரிய நேரத்தில் மறித்துவிட்டது. குருதி ஓரளவு பாதகம் செய்ய, பராமரிப்பு அதனை ஈடுசெய்தது என்பதற்கு இதனை விடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அவ்வாறாயின், அந்த வைத்தியசாலைகளுக்கு வெளியே நடப்பது என்ன?

முதலாவது தடை காப்புறுதி. அமெரிக்காவில் 65 வயதை அடைந்தோருக்கே 'மெடிகெயார்' எனும் அரச காப்புறுதி பொதுவாகக் கிடைக்கின்றது. கறுப்பின ஆண்களை இந்நோய் தாக்குவதோ சில ஆண்டுகள் முந்தியே. அதாவது, அரசு கைகொடுக்கும் வயது வருமுன்னரே நோய் வந்துவிடுகின்றது. வறியோருக்கான 'மெடிகெய்ட்' திட்டத்தை விரிவாக்கும் பொறுப்பை ஒபாமா நிர்வாகத்தின் 2010ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்கள் அனைத்தின் மீதும் சுமத்தியிருந்தது. 2012இல் அந்நாட்டின் உயர் நீதிமன்றம் அதனை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. 2025ஆம் ஆண்டின் நிலவரப்படி பத்து மாநிலங்கள் விரிவாக்கத்தை ஏற்றிருக்கவில்லை. அலபாமா, ஜோர்ஜியா, மிசிசிப்பி, தென் கரோலினா, டென்னசி, டெக்சாஸ், புளோரிடா ஆகிய தென்பகுதி மாநிலங்கள் அவற்றுள் அடங்குகின்றன. கறுப்பின மக்களில் பாதிக்கும் அதிகமானோர் வாழ்வது தென்பகுதியிலேயே என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

இரண்டாவது தடை அதனை விடவும் நுட்பமானது. அது மருத்துவ அறிவியலின் உள்ளேயே இருக்கின்றது. புரஸ்டேட் புற்றுநோயை முற்கூட்டி ஊகிப்பதற்கு 'பி.எஸ்.ஏ.' எனும் எளிய குருதிப் பரிசோதனை உள்ளது. எனினும், அது குறைபாடற்றது அல்ல. ஒருபோதும் தீங்கு செய்யாதிருக்கக்கூடிய சிறு கட்டிகளையும் அது காட்டிக்கொடுக்கின்றது. அதனால் தேவையற்ற சத்திரசிகிச்சைக்கு உட்பட்டு, சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியாமலும் இல்லற வாழ்வு பாதிக்கப்பட்டும் துன்புறுவோர் பலர். ஆகவே, இப்பரிசோதனையால் நன்மை அதிகமா தீமை அதிகமா என்பதை அறிவதற்குப் பாரிய ஆய்வுகள் இரண்டு நடத்தப்பட்டன. அமெரிக்காவில் நடத்தப்பட்டதில் ஏறத்தாழ 77 ஆயிரம் ஆண்கள் பங்குபற்றினர். அவர்களுள் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 4 வீதத்தினரே. ஐரோப்பாவில் நடத்தப்பட்டதில் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகமானோர் பங்குபற்றினர். அவர்கள் மிகப் பெரும்பாலும் வெள்ளையினத்தவர்.

இந்த ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்டு, நோய்த் தடுப்புச் சேவைகள் பற்றி அமெரிக்க அரசுக்கு ஆலோசனை கூறும் நிபுணர் குழு 2012ஆம் ஆண்டில், எந்த வயது ஆணுக்கும் இப்பரிசோதனை வேண்டியதில்லை எனப் பரிந்துரைத்தது. பரிசோதனை செய்வோர் தொகை வீழ்ந்தது. நோய் முற்றிய நிலையில் கண்டறியப்படுவோர் தொகை பின்னர் ஏறத் தொடங்கியது. 2018இல் அக்குழு தன் நிலைப்பாட்டைத் தளர்த்தி, 55 முதல் 69 வயது வரையானோர் வைத்தியருடன் கலந்தாலோசித்து முடிவெடுக்கலாம் என்றது. கறுப்பின ஆண்களுக்கு ஆபத்து அதிகம் என்பதை ஏற்றுக்கொண்ட அக்குழு, அவர்களுக்கெனத் தனியான பரிந்துரை எதனையும் செய்யப் போதிய ஆதாரம் இல்லை என்றது.

இங்குதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டியுள்ளது. ஆதாரம் இல்லாமற் போனது எவ்வாறு? ஆதாரம் திரட்டப்பட்டபோது அவர்கள் சேர்க்கப்படவில்லை. அதிகம் இறப்பவர்களை ஆய்வில் ஒதுக்கிவிட்டு, பின்னர் அவர்களைப் பற்றிய ஆய்வு இல்லை என்பதையே காரணங்காட்டி, அவர்களுக்குரிய ஏற்பாட்டை மறுப்பது எவ்வகையில் நியாயமாகும்? இதில் எவரும் திட்டமிட்டு வஞ்சகம் செய்தனர் என நாம் கூறவில்லை. நிபுணர்கள் நேர்மையாகவே நடந்துகொண்டிருக்கலாம். ஆயினும், நேர்மையானவர்கள் கூடியிருந்து எடுக்கும் முடிவும், அவர்களுக்கு வழங்கப்பட்ட தரவுகள் ஒருபக்கச் சார்பாக இருக்கும்போது அநீதியில் முடியலாம் என்பதற்கு இது ஒரு பாடமாகும். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம், கறுப்பின ஆண்கள் 45 வயதிலேயே வைத்தியருடன் இதுபற்றிக் கலந்தாலோசிக்க வேண்டும் என 2010இல் கூறியிருந்தது. புரஸ்டேட் புற்றுநோய் மன்றம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டலில், அவர்கள் 40 முதல் 45 வயதுக்குள் முதற் பரிசோதனையைச் செய்துகொள்வது நன்று என்றது. ஆனால், தனியார் காப்புறுதி நிறுவனங்கள் எந்தத் தடுப்புச் சேவையைக் கட்டணமின்றி வழங்க வேண்டும் என்பது அரசின் நிபுணர் குழு அளிக்கும் தரத்தையே பொறுத்துள்ளது. அதிக ஆபத்துள்ள ஆண்களுக்கு இப்பரிசோதனையைக் கட்டணமின்றி வழங்கச் செய்யும் சட்டமூலம் காங்கிரஸில் பல தடவைகள் சமர்ப்பிக்கப்பட்டும், சட்டமாவதற்கான பாதை நீண்டதாகவே இருந்து வந்துள்ளது.

மூன்றாவது தடை அவநம்பிக்கை. இது கறுப்பினத்தவரின் அறியாமை என எளிதில் ஒதுக்கப்படுவதுண்டு. வரலாறு அறிந்தோர் அவ்வாறு கூறமாட்டார்கள். 1932 முதல் 1972 வரை நாற்பது ஆண்டுகள், அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி நகரை மையமாகக் கொண்டு, ஏறத்தாழ 600 கறுப்பின ஆண்களை அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவை ஆய்வுக்கு உட்படுத்தியது. அவர்களுள் 399 பேருக்கு சிபிலிஸ் எனும் பாலியல் நோய் இருந்தது. அந்நோய் அவர்களிடம் எவ்வாறு முற்றுகின்றது என்பதைக் கண்காணிப்பதே நோக்கமாக இருந்தது. பென்சிலின் மருந்து பரவலாகக் கிடைத்த பின்னரும் அது அவர்களுக்கு வழங்கப்படவில்லை. 1972இல் செய்தி நிறுவனமொன்று இதனை அம்பலப்படுத்திய பின்னரே ஆய்வு நிறுத்தப்பட்டது. 1997இல் ஜனாதிபதி பில் கிளின்டன் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். இந்த உண்மை வெளியானதன் பின்னர் கறுப்பின ஆண்கள் வைத்தியர்களை நாடுவது குறைந்தது எனவும், 45 வயதில் அவர்களுக்கு எஞ்சியிருந்த ஆயுட்காலம் ஒன்றரை ஆண்டு வரை குறைந்திருக்கலாம் எனவும் பொருளியல் ஆய்வாளர்கள் இருவர் 2018இல் மதிப்பிட்டனர்.

கறுப்பின எழுச்சியின் முன்னணித் தலைவர்களுள் ஒருவராக விளங்கியவரும், ஸ்டோக்லி கார்மைக்கல் என அறியப்பட்டவருமான குவாமே டூரே 1998இல் தமது 57ஆவது வயதில் புரஸ்டேட் புற்றுநோயால் இறந்தார். அமெரிக்க ஏகாதிபத்திய சக்திகளே தமக்கு இந்நோயை ஏற்படுத்தின என அவர் இறுதிவரை கூறிவந்தார். அதற்கு ஆதாரம் இருக்கவில்லை. ஆயினும், டஸ்கீகியைக் கண்ட ஒரு சமூகத்திடம் இத்தகைய சந்தேகம் ஏன் முளைக்கின்றது என்பதைப் புரிந்துகொள்வது கடினமல்ல.

அவநம்பிக்கையுடன் கூச்சமும் சேர்ந்துகொள்கின்றது. நோய் ஏற்படும் இடம் அத்தகையது. ஒஸ்டினே இதற்கு உதாரணம். 2024 பெப்ரவரி முதலாம் திகதி ஊடகவியலாளர்கள் முன் தோன்றி மன்னிப்புக் கேட்ட அவர், இந்நோயை அந்தரங்கமாக வைத்துக்கொள்ளவே தம் மனம் முதலில் விழைந்தது எனவும், கறுப்பின சமூகத்தில் அந்த உணர்வு இன்னும் வலுவானது எனவும் ஒப்புக்கொண்டார். வயது சென்ற ஆண்கள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். இருபது ஆண்டுகளுக்கு முன்னர், 2003 டிசெம்பரில், வோல்டர் ரீட் என்றே பெயர் கொண்ட இராணுவ வைத்தியசாலையில் அதே நோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்றவர் முதலாவது கறுப்பின இராஜாங்கச் செயலாளரான கொலின் பவல். இருவரும் நலம்பெற்றுக் கடமைக்குத் திரும்பினர். உரிய காலத்தில் கண்டறிந்து உயர்தரச் சிகிச்சை அளித்தால் கறுப்பின ஆணும் பிழைக்கின்றான் என்பதற்கு இவ்விருவருமே சாட்சிகள். வோல்டர் ரீட் வைத்தியசாலையின் கதவு திறக்கப்படாத ஏனையோரின் நிலை என்ன என்பதே பிரச்சினை.

அவநம்பிக்கையைப் போக்க முடியாது என்பதில்லை. கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் நடத்தப்பட்ட பரிசோதனையொன்றில், கறுப்பின வைத்தியரைச் சந்தித்த கறுப்பின ஆண்கள் நோய்த் தடுப்புப் பரிசோதனைகளுக்குக் கூடுதலாக உடன்பட்டமை 2019இல் நிறுவப்பட்டது. ஆனால், அந்நாட்டின் வைத்தியர்களுள் கறுப்பினத்தவர் 5 அல்லது 6 வீதத்தினரே. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 52 சிகையலங்கார நிலையங்களுக்கு மருந்தாளர்களை அனுப்பி, முடி வெட்ட வரும் கறுப்பின ஆண்களின் உயர் குருதி அழுத்தத்துக்கு அங்கேயே சிகிச்சை அளித்த முயற்சி 2018இல் வியத்தகு பலனைக் காட்டியது. நியூயோர்க்கில் கறுப்பினக் கோடீஸ்வரரான ரொபர்ட் ஸ்மித்தின் நன்கொடையுடன், புரஸ்டேட் பரிசோதனை வசதிகொண்ட பேருந்தொன்று 2022 முதல் மக்களின் வாசலுக்கே செல்லத் தொடங்கியது. வைத்தியசாலைக்கு வராத மக்களிடம் வைத்தியசாலை செல்ல வேண்டும் என்பதே இவற்றின் செய்தியாகும்.

பிரித்தானியாவின் அனுபவத்தையும் இங்கு நோக்குவது பயனுடையது. அங்கு சிகிச்சை சகலருக்கும் இலவசம். இங்கிலாந்து பற்றிய 2015ஆம் ஆண்டு ஆய்வொன்றின்படி, வெள்ளையின ஆண்களில் எட்டுப் பேரில் ஒருவருக்கும், கறுப்பின ஆண்களில் நான்கு பேரில் ஒருவருக்கும், ஆசிய வம்சாவளி ஆண்களில் பதின்மூன்று பேரில் ஒருவருக்கும் வாழ்நாளில் இந்நோய் கண்டறியப்படுகின்றது. ஆனால், நோய் கண்டறியப்பட்டோருள் அதனால் இறப்போர் எந்த இனத்திலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே. நோய் ஏற்படுவதில் இன வேறுபாடு உண்டு. ஏற்பட்ட பின்னர் இறப்பதில் இல்லை. முன்னாள் படைவீரர்களின் வைத்தியசாலைகள் சொன்ன அதே உண்மையை அத்திலாந்திக்கின் மறுகரையும் சொல்கின்றது. இங்கிலாந்தில் வாழும் எமது உறவுகளுக்கு இந்த எண்கள் ஓரளவு ஆறுதல் தரலாம். எனினும், பதின்மூன்று பேரில் ஒருவர் என்பதும் அலட்சியம் செய்யத்தக்க தொகையல்ல.

ஆயினும், பிரித்தானியாவும் குறையற்றதல்ல. 2025 நவம்பரில் அந்நாட்டின் தேசிய பரிசோதனைக் குழு வெளியிட்ட வரைவுப் பரிந்துரை, குறித்த பரம்பரை மாறுதல் கொண்ட ஆண்களுக்கு மாத்திரமே ஒழுங்குமுறையான பரிசோதனையை முன்மொழிந்தது. கறுப்பின ஆண்களைப் பொறுத்தவரை அங்கும் போதிய ஆதாரம் இல்லை என்பதே பதிலாக அமைந்தது. ஆறுதலான விடயம் யாதெனில், அங்கு ஆரம்பிக்கப்பட்டுள்ள புதிய பாரிய ஆய்வில் அழைக்கப்படுவோருள் குறைந்தது பத்தில் ஒருவர் கறுப்பினத்தவராக இருக்க வேண்டும் என நிபந்தனை விதிக்கப்பட்டுள்ளமையாகும். அமெரிக்காவிலும் 2018இல் 10 ஆயிரம் கறுப்பின நோயாளர்களை இலக்காகக் கொண்ட ஆய்வொன்று 26.5 மில்லியன் டொலர் நிதியுடன் ஆரம்பிக்கப்பட்டது. விடுபட்ட கணக்கை எழுதத் தொடங்கினர் என்றே நாம் நம்பியிருந்தோம்.

அந்த நம்பிக்கைக்குத்தான் 2025ஆம் ஆண்டு பேரிடி விழுந்தது. பன்முகத்தன்மை, சமத்துவம் ஆகிய சொற்களின் மீது போர் தொடுத்த ட்ரம்ப் நிர்வாகம், இன ரீதியான சுகாதார ஏற்றத்தாழ்வுகளை ஆராயும் திட்டங்கள் உட்பட நூற்றுக்கணக்கான ஆய்வுகளுக்கான நிதியைத் தேசிய சுகாதார நிறுவகங்கள் ஊடாக நிறுத்தியது. ஜூன் மாதத்தில் பொஸ்டன் நகரின் சமஷ்டி நீதிபதி ஒருவர் அது சட்டவிரோதமானது எனவும் இனப் பாகுபாடானது எனவும் தீர்ப்பளித்தார். எனினும், ஓகஸ்ட் மாதத்தில் உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், வழக்கு நிலுவையில் இருக்கையிலேயே நிதி நிறுத்தம் தொடர இடமளித்தது. ஜூலையில் கைச்சாத்திடப்பட்ட வரவுசெலவுச் சட்டம் மெடிகெய்ட் நிதியை வெட்டியது. சுகாதாரம் தொடர்பான அதன் ஏற்பாடுகளால் 2034ஆம் ஆண்டளவில் மேலும் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் காப்புறுதியற்றோர் ஆவர் என காங்கிரஸின் வரவுசெலவு அலுவலகமே கணித்தது. அதே மாதத்தில், முன்னாள் படைவீரர் திணைக்களம் செப்டெம்பர் இறுதிக்குள் ஏறத்தாழ 30 ஆயிரம் பணியாளர்களைக் குறைக்கவிருப்பதாக அறிவித்தது. இடைவெளி மறைந்த இடமென மேலே நாம் சுட்டிக்காட்டிய வைத்தியசாலைகளை நடத்துவது அதே திணைக்களமே.

இனத்தைப் பற்றிப் பேசாதிருப்பதே இன சமத்துவம் என்பது இன்றைய வாஷிங்டனின் வாதம். கேட்பதற்கு அது அழகாகத் தோன்றலாம். ஆனால், இரு மடங்கு இறப்பவர்களைத் தனியாக எண்ணாது விட்டால் அவர்கள் இறப்பது நின்றுவிடப் போவதில்லை; நமக்குத் தெரியாமல் இறப்பார்கள், அவ்வளவே. சிறுபான்மைச் சமூகம் ஒன்று தன்னை வேறாக எண்ணும்படி கேட்பது சலுகைக்காக அல்ல. எண்ணப்படாத குறை எவர் கண்ணிலும் படுவதில்லை என்பதற்காகவே. இதனை எமது வாசகர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை எவையென்பது தெளிவானது. ஆய்வுகளில் நோயின் சுமைக்கு ஏற்ற விகிதத்தில் கறுப்பின ஆண்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உரிய வயதில் அவர்களுக்குக் கட்டணமற்ற பரிசோதனையும், அதன் நன்மை தீமைகளை எடுத்துரைக்கும் ஆலோசனையும் வழங்கப்பட வேண்டும். சந்தேகம் எழும்போது அடுத்த கட்டப் பரிசோதனையும் சிகிச்சையும் தாமதமின்றிக் கிடைக்க வேண்டும். இவற்றுள் எதற்கும் புதியதொரு மருந்தைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை இல்லை.

பரம்பரையை எவரும் மாற்றிவிட முடியாது. அது கறுப்பின ஆண்களுக்குக் கூடுதல் ஆபத்தைத் தந்திருப்பின், அதற்காக எந்த அரசையும் குறைகூற முடியாது. ஆனால், அந்த ஆபத்து மரணமாக மாறுவதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பவை காப்புறுதிச் சட்டங்களும் ஆய்வு நிதியும் வைத்தியசாலையின் தூரமுமே. இவை மனிதர்கள் இயற்றியவை; மனிதர்களால் மாற்றக்கூடியவை. தன் படைவீரர்களுக்கு அளித்த பராமரிப்பின் மூலம் இந்த அநீதியை அகற்ற முடியும் என்பதை அமெரிக்காவே நிரூபித்துக் காட்டியுள்ளது. அந்நிலையில், எஞ்சிய குடிமக்களுக்கு அதனை மறுப்பதற்கு இயலாமையைக் காரணமாகக் கூற இனி இடமில்லை என்பதே எமது நிலைப்பாடாகும்.